ரப்பர் தளிர் முதல் தொட்டபெட்டா வரை: பூச்சிகளைத் தேடி 6 நாள்

மார்ச் 17, மார்த்தாண்டம்

இடது புருவத்துக்கு மேலே ஒரு கொட்டு. கண் பாதி மூடிவிட்டதால் ஒற்றைக் கண்ணோடு டைப் செய்துகொண்டிருக்கிறேன். பெரியம்மா சுண்ணாம்பு தடவிவிட்டார். பெரியப்பா சிரிக்கிறார். "சென்ட் அடிச்சிட்டு தேனெடுக்க வரப்பிடாது பிள்ளே. அது ஒன்ன பூவுன்னு நெனச்சிருக்கும் கேட்டியா."

ஆபீஸில் ஒரு வாரம் லீவு போட்டு பூச்சி பார்க்கப் போகிறேன் என்றதும் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. காரணம் பெரியப்பாவின் போன்தான். பிப்ரவரி கடைசியில் கூப்பிட்டு, "இந்தப் பிராவசியம் ரப்பர்த் தேன் சரியில்ல. பூச்சிக்கும் எலைக்கும் கணக்கு ஒத்து வரல்ல" என்றார். அந்தக் கணக்கு மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அதனால் இந்தப் பயணம்: கடலுக்குப் பக்கத்தில் தொடங்கி நீலகிரி உச்சி வரை, கீழிருந்து மேலே.

மார்த்தாண்டம் தேனை பாட்டிலில் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அதில் பெரும்பங்கு பூவிலிருந்தே வருவதில்லை என்று தெரியும்? ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். மூன்று இலைகள் ஒரு காம்பில் சேரும் இடத்தில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அதில் கசிகிற இனிப்பு நீர்தான் தேனாகிறது. பெரியப்பா ஒரு தாழ்ந்த கிளையை வளைத்து, கடைசியாக மிச்சமிருந்த இளந்தளிர் ஒன்றைக் காட்டினார். கணுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பளபளப்பு. நாக்கு நுனியில் வைத்தேன். இனிப்பு, அதன் பின்னாலேயே பச்சிலைக் கசப்பு. இலை முற்றினால் சுரப்பு நின்றுவிடும். ஆக வருடத்தில் இரண்டு, மூன்று மாதம்தான் இவர்களுக்கு சீசன். இன்று எடுத்தது கடைசி எடுப்பு.

பெட்டிகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன. எறும்பு ஏறாமலிருக்க காலைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம். இதற்கு நியூட்டன் பெட்டி என்று பேர். ஐசக் நியூட்டன் இல்லை, நூறு வருடத்துக்கு முன் நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு இதை வடிவமைத்த பாதிரியார் ஒருவர். மார்த்தாண்டத்தில் 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம்தான் இந்தத் தொழிலை வீடு வீடாகக் கொண்டுபோனது. பெரியப்பாவின் அப்பா அங்கே படித்தவர்.

மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் ஒரு பெட்டி வாசலில் குந்தி வெகுநேரம் பார்த்தேன். ஏழெட்டுத் தேனீக்கள் வாசற்பலகையில் காலை ஊன்றி, தலையை வெளிப்பக்கம் வைத்துக்கொண்டு, சிறகு தெரியாத வேகத்தில் விசிறிக்கொண்டிருந்தன. வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிற வேலை. புழுக்கள் இருக்கும் அறை 34, 35 டிகிரியில் நிற்க வேண்டும். கூடினால் புழு கெடும். விசிறி போதாவிட்டால் தண்ணீர் கொண்டுவந்து அடையில் தெளித்து ஆற்றுவார்கள். அப்படியென்றால் வெயில் ஏற ஏற, தேன் கொண்டுவர வேண்டியவள் தண்ணீர் சுமக்கப் போகிறாள். எங்கள் தெரு நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் பெரியப்பா பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கினார். பழைய தினசரிக் காலண்டர் தாள்கள், நூலில் கோத்தவை. பின்பக்கம் பென்சில் எழுத்து: எத்தனை பெட்டி, தளிர் எப்போது வந்தது, எப்போது எடுப்பு, மழை. 1990களின் தொடக்கத்தில் ஒரு தாளில் "36 பெட்டி" என்று எழுதி அடித்து, கீழே "2". அது பை நோய், தென்னிந்தியா முழுக்கத் தேனீயை வாரிக்கொண்டுபோன வைரஸ். அதற்கும் வெயிலுக்கும் முடிச்சுப் போடக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். 2017 நவம்பர் 30க்கு ஒரே ஒரு சொல்: "காற்று". ஒக்கி புயல். பெட்டி தப்பியது, மரம் விழுந்தது.

இந்த வருடத் தாள்களைத் தனியாக எடுத்து வைத்தார். தளிர் வந்த வாரமே மழை. சுரந்ததையெல்லாம் கழுவிக்கொண்டு போனது. மழை விட்டதும் மூடுபனி, அதில் சாம்பல் நோய் வந்து பாதித் தளிர் கொட்டியது. பிறகு பிப்ரவரியில் அடித்த வெயிலில் மிச்ச இலை சீக்கிரமே முற்றிவிட்டது. பெட்டிக்குப் பத்துக் கிலோ வருகிற இடத்தில் ஆறு. "ஒரு வருசம் இப்பிடி வந்தா விதின்னு விட்டிரலாம். பழைய தாளுல ஜனவரி மழை எத்தன இருக்குன்னு எண்ணிப் பாரு" என்றார். ஒரு கண்ணால் எண்ணினேன். கட்டின் அடிப்பக்கம் அங்கொன்று இங்கொன்று. மேல்பக்கம் வர வர நெருக்கம். ஒரு மனிதரின் பென்சில் கணக்குதான், ஆராய்ச்சி இல்லை. ஆனாலும் மறுபடி மேலிருந்து எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் 18, ரயிலில்

நாகர்கோவிலிலிருந்து கோவை. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் கடந்தபின் எழுத ஒன்றுமில்லை, வெயில்தான். வீக்கம் வடிந்துவிட்டது.

எதிர் சீட்டு மாமா, "எல்லாம் குளோபல் வார்மிங்மா" என்று ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிட்டுத் தூங்கினார். நான் போனில் சேர்த்து வைத்திருந்ததைப் படித்தேன். ஐரோப்பாவில் வலசை போகாத 35 வகைப் பட்டாம்பூச்சிகளை எடுத்து, கமீல் பார்மெசான் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1999ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் அவற்றில் 63 சதவீதம் தம் எல்லையை 35 முதல் 240 கிலோமீட்டர் வரை வடக்கே நகர்த்தியிருந்தன. தெற்கே நகர்ந்தவை வெறும் 3 சதவீதம். வடக்கே போனால் குளிர்ச்சி என்பது அந்த ஊர்க் கணக்கு. நம் ஊர்ப் பூச்சி வடக்கே போனால் ராயலசீமாவில் போய் வேகும். நமக்கு ஏறுவதற்குத்தான் வழி, அதுவும் மலை இருக்கும்வரை.

இன்னொன்று. அமெரிக்காவில் கோல்டன்ராட் என்று மஞ்சளாகப் பூக்கும் ஒரு காட்டுச்செடி. குளிர்காலத்துக்கு முன் அங்கே தேனீக்களுக்குக் கிடைக்கும் கடைசிச் சாப்பாடு. அருங்காட்சியகங்களில் 1842 முதல் சேர்த்து வைத்த அதன் மகரந்தத்தைச் சோதித்தபோது, காற்றில் கரியமில வாயு கூடக் கூட மகரந்தத்தில் புரதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருப்பது தெரிந்தது. பூவும் இருக்கிறது, மகரந்தமும் இருக்கிறது, சத்துதான் இல்லை. பட்டை தீட்டித் தீட்டி நாம் அரிசிக்குச் செய்தது இப்போது காற்றில் நடக்கிறது.

கோவை வந்தபோது ராத்திரி. லாட்ஜ் ஃபேன் அனலை வாரி இறைக்கிறது.

மார்ச் 19, கல்லாறு

இன்று நல்ல நாள். நிறைய எழுதப் போகிறேன்.

கோவையில் ஒரு சார் இருக்கிறார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருடமாக ஞாயிறுதோறும் பட்டாம்பூச்சி எண்ணுகிறார். எனக்குத் தோழியின் மாமனார். "ஏழு மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு, தொப்பி வேணும், சென்ட் வேண்டாம்" என்று மெசேஜ் அனுப்பியிருந்தார். கொட்டு வாங்கிய கதை அவர்வரை போயிருக்கிறது.

கல்லாற்றில் தண்ணீர் கணுக்கால் அளவு. கரையில் ஈரமணல் ஒரு பாய் அகலத்துக்கு. எட்டரை மணிக்கு அங்கே ஒன்றுமே இல்லை. "வெயில் விழட்டும்மா. அதுக எஞ்சின் சூடாகணும்" என்றார் சார். அவற்றின் ரத்தத்துக்குச் சொந்தச் சூடு கிடையாது. சிறகை விரித்து வெயில் வாங்கி, உடம்பு சூடேறிய பிறகுதான் பறக்க முடியும். ஒன்பதே காலுக்கு முதல் கொன்னை வெள்ளையன் வந்து உட்கார்ந்தது. பத்து மணிக்கு அந்த ஈரமணல் முழுவதும் வெள்ளை, மஞ்சள், கறுப்பில் நீலப்பட்டை போட்டது, எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கல்யாணப் பந்தி மாதிரி ஒரே திசையைப் பார்த்து.

மணலில் வயிறு படப் படுத்து ஒன்றை மட்டும் பார்த்தேன். சுருட்டி வைத்திருந்த கறுப்புக் குழலை அவிழ்த்து, மணல்துகள்களுக்கு இடையில் இறக்கி உறிஞ்சியது. நாலைந்து விநாடிக்கு ஒரு முறை பின்பக்கத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தது. ஒரு பக்கம் உள்ளே, மறுபக்கம் வெளியே, நடுவில் உப்பை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. பெரும்பாலும் ஆண்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். சேர்த்த உப்பை இணை சேரும்போது பெண்ணுக்குக் கொடுப்பார்கள், அது முட்டைக்குப் போகும். சீதனம் மாப்பிள்ளை பக்கத்திலிருந்து என்றேன். சார் சிரிக்கவில்லை, அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

பத்தரைக்கு ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு விளிம்போடு ஒன்று பாறையில் இறங்கியது. தமிழ் மறவன். 2019ல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. மலைக்காட்டுப் பிராணி, கூட்டமாக நகரும். இதன் புழு மரவெட்டி மரத்தின் இலையைத்தான் தின்னும். அந்த மரம் இல்லாத இடத்தில் இது இருந்தால் வழிப்போக்கன் என்று அர்த்தம்.

சாரின் நோட்டு பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டு, கட்டம் போட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், வெயில், காற்று, எண்ணிக்கை. அவர் அதிகம் கவலைப்படுவது வலசையைப் பற்றி. கருநீல வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் வகைகள் கூட்டமாக மலைக்கும் சமவெளிக்கும் இடையில் போய்வருபவை. தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே இறங்கும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர் நவம்பரில், ஏற்காடு, கொல்லிமலைப் பக்கமிருந்து திரும்ப மேற்கே வரும். 2020ல் இந்தத் திரும்பு வலசை வழக்கத்துக்கு முன்பே தொடங்கிவிட்டதாகப் பேப்பரில் வந்தது நினைவிருக்கலாம்.

"முன்னாடி வந்தா என்ன சார், வந்துட்டுப் போகட்டுமே?" என்று கேட்டேன்.

நோட்டை மூடிவிட்டு, போர்டில் கணக்குப் போடுகிற தோரணையில் சொன்னார். "பெண்பூச்சி முட்டை வைக்கிறது தளிர்ல. நன்னாரி, கொடிப்பாலை, ஆலம் தளிர், இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. தளிர் விடுறது மழைக்கு. புழு வளர ரெண்டு மூணு வாரம் ஆகும். இப்ப மழை முன்னாடி வந்து, நடுவுல இருபது நாள் வெயில் அடிச்சுதுன்னு வையிங்க. செடி மழையப் பாத்துத் தளிர் விட்டுடும். பூச்சி காத்தப் பாத்துக் கெளம்பி வரும். வர்றதுக்குள்ள தளிர் தடிச்சுப்போச்சுன்னா, முட்டையிலேர்ந்து வந்த புழு அந்த இலையக் கடிக்கவே முடியாது. செடியும் தப்புப் பண்ணல, பூச்சியும் தப்புப் பண்ணல. ரெண்டு பேரும் வேற வேற கடிகாரம் பாக்கறாங்க."

பெரியப்பா சொன்ன கணக்கு இதுதானே என்று தோன்றியது. அவர் பெட்டி, இவர் மணல்.

திரும்பும் வழியில் கிலுகிலுப்பைச் செடி ஒன்று காய்ந்து நின்றது. அதில் ஆறு நீல வரியன்கள், வாடிய தண்டைச் சுரண்டிக்கொண்டு. தேனுக்காக இல்லை. அந்தச் செடியின் விஷத்தை உறிஞ்சினால்தான் ஆண்பூச்சியால் பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்க முடியும். கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் வரப்போரச் செடிகள். வரப்பையெல்லாம் களைக்கொல்லி அடித்து வழித்தெடுத்துவிட்டு வெயிலை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாரும் அதையே சொன்னார்: "நோய் ஒண்ணு இல்லம்மா, நாலு. வெயில் மத்த மூணையும் தூக்கிவிடுது."

மார்ச் 20, கோத்தகிரி

பஸ்ஸில் ஏறும்போதே ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். அதைத் திருப்பிப் போட்டால், உலகம் ஒரு டிகிரி சூடானால் அதே குளுமைக்கு ஏறக்குறைய 150 மீட்டர் மேலே ஏற வேண்டும். பஸ்ஸில் அது நாலைந்து வளைவு. பட்டாம்பூச்சிக்கும் அது பெரிய தூரம் இல்லை; ஆனால் அது மட்டும் ஏறினால் போதாது, அது முட்டை வைக்கும் மரமும் ஏற வேண்டும். மரம் ஒரு தலைமுறை ஏறுவதற்கு எத்தனை வருடம் என்று நினைத்துக்கொண்டே வந்ததில் வாந்தி வரவில்லை. இந்த ரோட்டில் எனக்கு அது முதல் முறை.

போர்னியோவில் கினபாலு மலையில் 1965ல் அந்துப்பூச்சிகளை எண்ணிய அதே இடங்களுக்கு 42 வருடம் கழித்துப் போய் மறுபடி எண்ணினார்கள். சராசரியாக 67 மீட்டர் மேலே ஏறியிருந்தன. நம்மைப் போல வெப்பமண்டலப் பூச்சிகள். ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கோத்தகிரியில் இறங்கி ஜீப்பில் ஒரு மணி நேரம், பிறகு நடை. எதிர்ப் பாறைமுகத்தில் கறுப்பு அரைவட்டங்கள் தொங்கின. எண்ணினேன், பதினேழு. பாறைத்தேனீ. பெட்டியில் வளர்க்க முடியாத ஜாதி. ஒரே ஒரு அடை, ஒரு மீட்டர் அகலம்கூட வரும். சுவர் கிடையாது, கூரை கிடையாது. ஈக்களே பல அடுக்காகப் படிந்து அடைக்குப் போர்வையாகின்றன. பைனாகுலரில் பார்க்கும்போது ஒரு அரைவட்டத்தின் மேல் அலை ஒன்று ஓடியது, வயல் நாற்றில் காற்று ஓடுவது போல. குளவி நெருங்கினால் வரிசை வரிசையாக வயிற்றைத் தூக்கி இறக்கி மிரட்டுவது அது.

கூட வந்த குறும்பர் அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். அப்பா காலத்திலிருந்து தேன் எடுப்பவர். அவரிடம் நோட்டு இல்லை. காட்டுக்கொடியில் முறுக்கிய ஏணி, புகைக்குப் பச்சிலைக் கட்டு, இவ்வளவுதான் கருவி. ஒரு பாறையில் எல்லா அடையையும் எடுப்பதில்லை என்றார். எந்தப் பூ முடிந்து எந்தப் பூ வரும் என்பதுதான் அவருடைய காலண்டர். நாவல் பூத்த காலத்துத் தேன் கறுத்துக் கசக்கும் என்று சொல்லி, தாவர வரிசையை விரல்விட்டு ஒப்பித்தார். பாதியில் நிறுத்தி, "இப்ப இந்த வரிசை கலைஞ்சு போச்சுங்க. ரெண்டு மரம் ஒண்ணாப் பூக்குது, அப்புறம் ஒரு மாசம் காடே சும்மா கெடக்குது" என்றார்.

அந்தச் சும்மா கிடக்கிற மாதத்தில் ஈ என்ன செய்யும்?

"போயிரும். அடையை விட்டுட்டு மொத்தமாப் போயிரும். இது வீட்டு ஈ இல்லைங்களே."

சமவெளிக்கும் மலைக்கும் பூவைத் துரத்திக்கொண்டு போகிற இனம் இது. மழைக்கு முன் இறங்கி, பூக்காலத்தில் ஏறி. போகும் இடத்திலும் பூ இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இவர்களுடைய தேன் எடுப்பு ஏப்ரலுக்கு மேல், தென்மேற்கு மழை இறங்குவதற்குள் முடிய வேண்டும். கோடைமழை கடுமையாக முன்னாலேயே கொட்டினால் அடை நனைந்து போகும், பாறையும் வழுக்கும். ஏணியில் தொங்குகிறவருக்கு அது பருவநிலை ஆய்வு இல்லை, கால் வைக்கும் இடம்.

ஜீப்புக்குத் திரும்பினால் வெள்ளைக் கூரை முழுக்க மஞ்சள் பொட்டுகள். மகரந்தக் கழிவு, இந்த ஈக்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் பறந்து போய் எச்சமிடும். உடம்பில் சேர்ந்த சூட்டை இறக்கும் வழியாகவும் இது இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். டிரைவர் தம்பி துடைத்துக்கொண்டே, "வெயில் அதிகமானா இது அதிகமாகும்க்கா, நான் பாத்திருக்கேன்" என்றான். அவனை மேற்கோள் காட்ட எந்தப் பத்திரிகையும் முன்வராது, நான் காட்டுகிறேன்.

மார்ச் 21, பந்தலூர்ப் பக்கம்

கால் வலி. சுருக்கமாக எழுத நினைக்கிறேன், பார்ப்போம்.

ஊட்டி, நடுவட்டம், கூடலூர் என்று மூன்று பஸ் மாறி இறங்கியதும் மூக்கில் மல்லிகை. மல்லிகை இல்லை, காப்பி. நேற்றுத்தான் பூத்திருக்கிறது. கொம்பு கொம்பாக வெள்ளை, யாரோ பஞ்சு சுற்றி வைத்த மாதிரி. நான் தங்கியிருக்கும் வீட்டு அக்காவுக்கு இரண்டு ஏக்கர் ரொபஸ்டா வகைக் காப்பி, ஊடுபயிராக மிளகு.

காப்பிக்கு ஒரு குணம். மொட்டுக் கட்டி, காய்ந்து, காத்துக்கொண்டு நிற்கும். ஒரு இஞ்சு அளவுக்கு மழை விழுந்தால் எட்டு, ஒன்பது நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே நாளில் வெடிக்கும். அதைப் பூமழை என்கிறார்கள். பூ இரண்டு மூன்று நாள்தான் வெள்ளையாக நிற்கும். ரொபஸ்டாவுக்குத் தன் செடி மகரந்தம் ஆகாது, இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். கொஞ்சம் காற்று கொண்டுவரும், மிச்சம் தேனீ. அந்த மூன்று நாளுக்குள்.

அக்காவிடமும் ஒரு நோட்டு! பையன் பாதியில் விட்ட ஆங்கிலக் கட்டுரை நோட்டின் பின்பக்கத்தில் மழைக் கணக்கு. இங்கே மழை இஞ்சிலும் சென்ட்டிலும்தான் பேசப்படுகிறது. நூறு சென்ட் ஒரு இஞ்சு. பிப்ரவரி 24: 40 சென்ட். மார்ச் 12: 1 இஞ்சு 10.

"அந்த நாப்பது சென்ட்தான் கெடுத்துச்சு" என்றார். "பேயாமலே இருந்திருக்கலாம். பெஞ்சும் பத்தாம, பள்ளத்துல இருந்த செடி மட்டும் பாதி பூத்துச்சு. நாலு செடிக்கு எந்த ஈ வரும்? தண்ணி உள்ள எஸ்டேட்காரங்க ஸ்பிரிங்க்ளர் போட்டு ஒரே நாள்ல பூக்க வச்சாங்க, ஈ அத்தனையும் அங்க. எங்க விருந்து பெருசோ அங்கதான போகும்?"

ஆக மழையின் தேதி மாறுவதில் நஷ்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. குளம் வெட்டி மோட்டார் வைத்தவர் மழையைத் தானே வரவழைக்கிறார். இரண்டு ஏக்கர்காரி வானத்தையும் பார்க்க வேண்டும், பக்கத்துத் தோட்டத்தையும் பார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் பூத்த அன்றே மழை கொட்டி, பூவெல்லாம் பழுப்புக் கூழாகிப்போனதாம். அந்தப் பக்கத்தில் தேதி மட்டும் இருந்தது, அளவு எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "எழுதப் பிடிக்கல."

தோட்டத்துக்குள் போய் நின்றேன். முதலில் சத்தம், பிறகுதான் ஈ. பாறைத்தேனீ பெரிசு, பூ அதிர உட்காரும். அடுக்குத்தேனீ, பெரியப்பா பெட்டியில் இருக்கிற ஜாதி, நிதானமாக ஒவ்வொரு பூவாக. கொசுத்தேனீ கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். ஒரு பாறைத்தேனீயின் பின்னங்காலில் வெளிர்மஞ்சள் உருண்டை சேர்ந்துகொண்டே வந்ததை, அது பன்னிரண்டு பூ மாறும்வரை பின்தொடர்ந்தேன். பதின்மூன்றாவதில் எட்டுக்கால்பூச்சி இருந்தது. அதற்கு மேல் எழுதவில்லை.

மதியம் அக்கா குடுத்த காப்பி அவர்கள் தோட்டத்தினுடையது. இன்ஸ்டன்ட் குடித்தே வளர்ந்தவள் நான், நல்லது கெட்டது சொல்லத் தெரியவில்லை. இரண்டு டம்ளர் குடித்தேன்.

மார்ச் 22, தொட்டபெட்டா

கடைசி நாள். 2,637 மீட்டர். இதற்கு மேல் நீலகிரியில் ஏற இடமில்லை.

உச்சி வாசலில் ஞாயிற்றுக்கிழமை மாதிரிக் கூட்டம், ஸ்வீட் கார்ன், செல்ஃபி. பஸ்ஸில் வந்ததால் இ-பாஸ் தொல்லை இல்லை. நான் தேடி வந்தது கூட்டத்துக்குக் கீழே, வேலி ஓரப் புல்சரிவில். நீலகிரி மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்று, கோலியஸ் நீலகிரியென்சிஸ் என்று அறிவியல் பெயரிலேயே இந்த மலையைச் சுமப்பது. நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிப் புல்வெளிகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இதன் பங்காளிகள் இருப்பது இமயமலையில். நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டர் வெயில். பூமி குளிர்ந்திருந்த காலத்தில் பரவி வந்தவர்கள், சூடு ஏறியபோது ஆளுக்கொரு உச்சியில் ஒதுங்கிவிட்டார்கள் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அப்போது ஏறுவதற்கு மலை மிச்சம் இருந்தது.

இமயமலை உச்சிகளில் மகரந்தம் சுமக்க பஞ்சுருண்டை மாதிரி பம்பிள்பீ உண்டு. தென்னிந்தியாவில் அது கிடையவே கிடையாது. இங்கே சோலைக்கும் புல்வெளிக்கும் அடுக்குத்தேனீ, பூ ஈக்கள், பட்டாம்பூச்சி, குருவிகள்தான். 2018ல் குறிஞ்சி மலையே நீலமாகப் பூத்தபோது அதில் மொய்த்தது பெரியப்பா பெட்டியில் வளர்க்கும் அதே ஜாதி. அடுத்த முறை 2030ல். பன்னிரண்டு வருடக் கணக்கை ஒரு செடி எப்படி வைத்துக்கொள்கிறதோ தெரியாது, ஆனால் வைத்துக்கொள்கிறது.

புல்வெளி என்று சொன்னேனே தவிர, கண்ணுக்குப் பட்டதில் பாதி சீகை மரமும் யூகலிப்டஸும்தான். வெள்ளைக்காரன் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் விடாமல் நட்டது. உச்சியைச் சுருக்கியதில் முதல் பங்கு அதற்கு. வெயில் இப்போது மிச்சத்துக்கு வந்திருக்கிறது.

பத்திலிருந்து பதினொன்றரை வரை ஒன்றும் இல்லை. மேகம் மூடி மூடித் திறந்தது. காவலாளி இரண்டு முறை வந்து என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டார். 11.40க்கு மேகம் விலகியபோது முழங்கால் உயரத்தில் ஒரு மஞ்சள் எழுந்தது. பத்தடி பறந்து ஒரு குட்டைப் பூவில் உட்கார்ந்து, சிறகை மூடியது. மற்றவை போல விரிக்கவில்லை. மூடிய சிறகோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பலகையைக் காயவைப்பது போல வெயிலுக்கு நேராக அட்டையைத் திருப்பியது. எலுமிச்சைத் தோலின் உள்பக்க நிறம், ஓரத்தில் மெல்லிய ரோஜா நிறக் கோடு. குளிருக்கு இப்படிச் சாய்ந்து சாய்ந்து சூடேற்றக் கற்ற உடம்பு. மேகம் வந்ததும் புல்லுக்குள் இறங்கிவிட்டது. அடுத்த வெயிலுக்கு அதே இடத்திலிருந்து எழுந்தது. மூன்று முறை இப்படி. நாலாவது முறை எழவில்லை, அல்லது நான் பார்க்காத பக்கமாகப் போய்விட்டது.

நான்கு பேரைப் பார்த்தேன், மூன்று பேரிடம் நோட்டு, ஒருவரிடம் விரல். என்னிடம் இருந்தது ஊட்டி பஸ் டிக்கெட். அதன் பின்பக்கத்தில் எழுதினேன்: மார்ச் 22, காலை 11.40, தொட்டபெட்டா கீழ்ச்சரிவு, வெயில்-மேகம், மஞ்சள் 1.

கோவை பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது அவசரத்தில் அதைத்தான் நீட்டினேன். திருப்பிப் படித்துவிட்டு, "இது பழசுங்க" என்று என் கையிலேயே கொடுத்தார். பத்திரமாக இருக்கிறது.